கிலோ குறைஞ்சா பிரேக் பிடிக்குமா?

திண்டுக்கல்காரங்க பூட்டு வாங்குறதை கவனிச்சிருக்கீங்களா? கடைக்காரர் எடுத்து நீட்டினதும் சாவியைப் போட்டுப் பார்க்க மாட்டாங்க. முதல்ல உள்ளங்கையில வெச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுவாங்க. கனமா இருந்தா 'சரக்கு நல்லாருக்கு'. லேசா இருந்தா, 'வேற காட்டுங்கண்ணே!' 2019-ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டாச்சே, சும்மாவா?

இப்போ அதே உள்ளங்கையில ஒரு பிரேக் காலிப்பரை வெச்சுப் பாருங்க. அப்படியே உல்டா! 'மச்சி, என்னா லேசு பாரேன்... செம!'னு கண்ணு விரியும். உலகம் முழுக்க பழைய ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியங்கள் இதே வேலையாத்தான் திரியுறாங்க. எந்தக் காருக்கு எந்தக் காலிப்பர், எது எத்தனை கிராம் கம்மினு தராசும் கையுமா அலையுறாங்க. நம்ம காலேஜ்ல ரேஸ் கார் ப்ராஜெக்ட் பண்ற பசங்களும் அந்த கேஸ்தான். ஏன், உங்க பைக்குக்கு 'லைட் வெயிட்' டிஸ்க் மாட்டலாமான்னு யோசிச்சுட்டு இருக்கீங்களே... நீங்களும்தான்!

அதனால, தராசைத் தூக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசிடுவோம் வாங்க.

அந்த ஒரு கிலோவுக்கு ஏன் இத்தனை அலம்பல்?

காலிப்பர்ங்கிறது சுழலுற டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. அது உட்கார்ந்திருக்கிற இடம்தான் விஷயமே. சக்கரம், டயர், டிஸ்க், காலிப்பர் எல்லாமே ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை. காருக்குள்ள நீங்க ஒரு கிலோ பஞ்சாமிர்தம் வெச்சிருந்தா அதை ஸ்பிரிங் தாங்கிக்கும். ஆனா சக்கரத்தோட சேர்ந்த ஒரு கிலோ, ஒவ்வொரு பள்ளத்துலயும் சக்கரத்தோடவே எகிறிக் குதிக்கும்.

பள்ளிக்கூடப் பையில ஒரு கிலோ கூடினா பெருசா தெரியாது. அதே ஒரு கிலோவை ஷூவுல கட்டிக்கிட்டு ஓடிப் பாருங்க. அதுதான் வித்தியாசம். சக்கரம் லேசா இருந்தா ரோட்டோட மேடு பள்ளத்துக்கு ஏத்தபடி டக்குனு இறங்கி ஒட்டிக்கும். டயர் ரோட்டுல ஒட்டியிருந்தாத்தான் பிரேக்கும் பிடிக்கும், வளைவும் திரும்பும்.

1961-ல வந்த ஜாகுவார் ஈ-டைப் காரைப் பாருங்க. பின்பக்க டிஸ்க்கை சக்கரத்துலயே வைக்காம, உள்ளே தள்ளி டிஃபரன்ஷியல் பக்கத்துல வெச்சாங்க. காரணம், இதே எடைக் கணக்குதான்!

கதை ஆரம்பிச்ச இடம்

டிஸ்க் பிரேக் ஒண்ணும் நேத்து முளைச்சது இல்லை. லான்செஸ்டர்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1902-லயே காப்புரிமை வாங்கிட்டார். ஆனா அது ஊருக்கே தெரிஞ்சது 1953-ல. பிரான்ஸ்ல நடக்குற லே மான்ஸ் 24 மணி நேர ரேஸ்ல, டன்லப் டிஸ்க் பிரேக் மாட்டின ஜாகுவார் சி-டைப் ஜெயிச்சது. சராசரி வேகம் மணிக்கு சுமார் 170 கிலோமீட்டர். மத்தவங்க டிரம் பிரேக் சூடாகி 'பிடிக்குமா, பிடிக்காதா'னு பயந்து பயந்து முன்கூட்டியே மிதிக்க, ஜாகுவார்காரங்க வளைவு வரைக்கும் போய்த்தான் மிதிச்சாங்க.

1956-ல ட்ரையம்ஃப் டி.ஆர்.3 காருக்கு முன்பக்கம் கர்லிங் கம்பெனி டிஸ்க் வந்தது. இந்த கர்லிங் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. 1962-ல டி.வி.எஸ். குழுமமும் லூகாஸ் கர்லிங்கும் கைகோத்து ஆரம்பிச்சதுதான் சென்னை பாடியில இருக்கிற பிரேக்ஸ் இந்தியா. அம்பாசடரும் ஃபியட்டும் நாலு சக்கரத்துலயும் டிரம்மோட ஓடிக்கிட்டு இருந்த காலம் அது. அவங்களோட வார்ப்பாலை சோளிங்கர்ல இருக்கு. ஆக, இரும்பை உருக்கி பிரேக் வார்க்கிற வித்தை நமக்கு அந்நியம் இல்லை பாஸ்!

இரும்பு Vs அலுமினியம்

பழைய காலிப்பர் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. ஒரு லிட்டர் அளவு வார்ப்பிரும்பு சுமார் 7.2 கிலோ. அதே அளவு அலுமினியம் 2.7 கிலோதான். சொல்லுக்கு, ஒரு இரும்புக் காலிப்பர் 4 கிலோனு வெச்சுக்கோங்க. அச்சு அசலா அதே உருவத்துல அலுமினியத்துல வார்த்தா ஒன்றரை கிலோ. ஒரு சக்கரத்துக்கு ரெண்டரை கிலோ லாபம். ஆஹா... ஓஹோ!

நில்லுங்க. காலிப்பருக்கு வேலை சும்மா தொங்குறது இல்லை. பிஸ்டன் டிஸ்க்கை அமுக்கும்போது, அதே விசை திரும்பி வந்து காலிப்பரோட வாயைப் பிளக்கப் பார்க்கும். எவ்வளவு விசை? பிஸ்டன் விட்டம் 48 மில்லிமீட்டர், கடுமையா மிதிக்கும்போது ஆயில் அழுத்தம் 70 பார்னு வெச்சுக் கணக்குப் போட்டா, ஒன்றேகால் டன்னுக்கு மேல! மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்க.

வளையாம நிக்கிற குணத்துல அலுமினியம் கொஞ்சம் வீக். வார்ப்பிரும்பு ரகத்தைப் பொறுத்து அதைவிட ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டரை மடங்கு வரை விறைப்பானது. அதனால அலுமினியக் காலிப்பரை அதே உருவத்துல வார்த்தா வாய் பிளக்கும், பெடல் 'கொழகொழ'னு உள்ளே போகும். அதைத் தடுக்க முதுகுப் பக்கம் தடிமனா வார்க்கணும். அங்கேயே லாபத்துல ஒரு பங்கு அவுட்!

இதுக்கு சூப்பர் உதாரணம் போர்ஷே 911. சாதா 911-ல இரும்புக் காலிப்பர். 1969 மாடல் 911 எஸ்-ல முன்பக்கம் அலுமினியம். ரெண்டுலயும் பிஸ்டன் அதே 48 மில்லிமீட்டர்தான். அதாவது, ஒரே அழுத்தத்துல கவ்வுற விசையில மாற்றம் இல்லை. ஆனா அலுமினியக் காலிப்பர்ல பெரிய பேட் உட்காரும். 'அப்போ கழட்டி மாட்டிடலாமே'ங்கிறீங்களா? போல்ட் ஓட்டைகளோட இடைவெளி இரும்புக் காலிப்பருக்கு 3 அங்குலம், அலுமினியத்துக்கு 3.5 அங்குலம்! மாட்டணும்னா அதுக்கேத்த ஸ்ட்ரட்டும் சேர்த்து வாங்கணும். தராசு சொல்லாத செலவு இதெல்லாம்.

எடை போடவும் ஒரு முறை இருக்கு

ஒரே காலிப்பருக்கு ரெண்டு பேர் ரெண்டு எடை சொல்றாங்களா? ரெண்டு பேருமே பொய் சொல்லலை. ஒருத்தர் பேடோட போட்டிருப்பார், இன்னொருத்தர் பேட் இல்லாம. ஒருத்தர் தாங்கு பிராக்கெட்டையும் சேர்த்திருப்பார். உள்ளே ஆயில் மிச்சம் இருந்திருக்கும். அதனால இப்படிச் செய்யுங்க...

* பேட், பின், பிராக்கெட், போல்ட் எல்லாத்தையும் கழட்டி, ஆயிலை வடிச்சு, காலிப்பரை மட்டும் போடுங்க. அப்புறம் மத்ததைத் தனித்தனியா எடை போட்டு எழுதுங்க.

* பழைய இரும்புக் கடையில 'இது அலுமினியம் தம்பி'னு சொன்னா நம்பிடாதீங்க. பெயின்ட் எல்லாத்தையும் மறைக்கும். காந்தம் வெச்சுப் பாருங்க. உடம்புல ஒட்டினா இரும்பு. பிஸ்டன்ல மட்டும் ஒட்டினா கவலை வேண்டாம், அது பெரும்பாலும் ஸ்டீல்தான்.

* இன்னும் சந்தேகமா? ஆர்க்கிமிடிஸ் தாத்தாவைக் கூப்பிடுங்க. விளிம்பு வரை தண்ணி நிரப்பின வாளியில முக்கி, வழிஞ்ச தண்ணியை அளந்து, எடையை அதால வகுங்க. 7 பக்கம் வந்தா வார்ப்பிரும்பு. 3 பக்கம் வந்தா அலுமினியம்.

* கடைசியா, டிஸ்க்கையும் எடை போடுங்க. நிறைய பேர் மறக்குறது இதைத்தான். காலிப்பர் சும்மா குதிக்கும், அவ்வளவுதான். டிஸ்க் குதிச்சுக்கிட்டே சுழலவும் செய்யும்.

சிறுமலை கத்துக் கொடுத்த பாடம்

இதெல்லாம் எனக்கு ஏட்டுல வந்த ஞானம் இல்லை. என் நண்பன் தன் பைக்குக்கு ஒரு மெல்லிசு டிஸ்க்கும், செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேசு காலிப்பரும் மாட்டினான். வத்தலக்குண்டு ரோடு, மதுரை பைபாஸ்னு சமவெளியில ஒரு மாசம் ஓட்டினோம். சும்மா சொல்லக் கூடாது, பிரேக் கத்தி மாதிரி! 'பார்த்தியா'னு காலரைத் தூக்கி விட்டுக்கிட்டான்.

ஒரு ஞாயித்துக்கிழமை நத்தம் ரோட்டுல போய், சிறுமலைப் பிரிவுல திரும்பி மேல ஏறினோம். ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை? இறங்கும்போதுதான் ஆரம்பிச்சது. மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவு. பாதி கூட இறங்கலை, லீவர் அப்படியே ஹேண்டில் பாரைத் தொட்டுருச்சு. பிடிச்சா பிடி இல்லை. பின் பிரேக்கை மிதிச்சு, கியரைக் குறைச்சு, மலைச் சரிவுப் பக்கம் புதர்ல ஏத்தி நிறுத்தினான். எதிர்ப்பக்கம் பள்ளம். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. டிஸ்க் நீலம் பாரிச்சிருந்தது.

அன்னிக்கு ராத்திரி போட்ட கணக்கு இது. பைக்கும் ரெண்டு தடியன்களும் சேர்த்து 300 கிலோ. 100 மீட்டர் உயரம் இறங்கினா பிரேக் தின்ன வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 294 கிலோஜூல். 1,000 கிலோ கார்னா 981 கிலோஜூல். அதே கார் சமவெளியில 100 கிலோமீட்டர் வேகத்துல இருந்து ஒரு தடவை நிக்கிறதுக்கு 386 கிலோஜூல்தான். அதாவது மலையில ஒவ்வொரு 100 மீட்டர் இறக்கமும், ரெண்டரை அவசர பிரேக்குக்குச் சமம். ஆறுறதுக்கு நேரமும் கிடைக்காது. இன்ஜினும் காத்தும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கும். ஆனா நாங்க நியூட்ரல்ல இறங்கிட்டு இருந்தோமே!

இந்தச் சூடு முதல்ல போற இடம் டிஸ்க். அந்தக் கார் ஒரு தடவை நிக்கும்போது ஒரு முன் டிஸ்க்குக்கு 135 கிலோஜூல் போகுதுன்னா, 5 கிலோ டிஸ்க் சுமார் 60 டிகிரி ஏறும். அதையே 3 கிலோவா செதுக்கினா கிட்டத்தட்ட 100 டிகிரி. அந்த எடை, சூட்டைச் சேர்த்து வைக்கிற குடம். குடத்தைச் சின்னதாக்கிட்டு தண்ணி வழியுதுன்னு அழுதா எப்படி?

ஆனா, பழி முழுக்க டிஸ்க் மேல இல்லை. மறுநாள் திறந்து பார்த்தா பிரேக் ஆயில் டீ டிகாஷன் மாதிரி கறுத்துக் கெடந்தது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் குறைஞ்சது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினா அந்த வரம்பு 140-க்கு இறங்கிடும். டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினா 155. கொதிச்சா ஆவி. ஆவியை அமுக்கினா சுருங்கும். லீவர் கைக்கு வந்துடும். போதாததுக்கு அலுமினியம் சூட்டை வேகமா கடத்தும். காத்து பட்டா சீக்கிரம் ஆறும்ங்கிறது ப்ளஸ், ஆயிலுக்கும் சீக்கிரம் சூட்டை அனுப்பும்ங்கிறது மைனஸ்.

மெல்லிசு டிஸ்க், கறுத்த ஆயில், நியூட்ரல் இறக்கம்... மூணும் கூட்டு சேர்ந்துதான் எங்களைப் புதர்ல ஏத்தினது.

ஒரு சாம்பியனோட விலை

எடை குறைக்கிற போதை எங்க வரைக்கும் போகும்? லோட்டஸ் 72 ஃபார்முலா ஒன் கார்ல முன் பிரேக்கைச் சக்கரத்துல இருந்து எடுத்து உள்ளே வெச்சு, ஷாஃப்ட் வழியா இணைச்சாங்க. 1970 செப்டம்பர் 5, இத்தாலியின் மான்ஸா. பயிற்சியில யோகன் ரிண்ட் ஓட்டின கார் பிரேக் பிடிக்கும்போது தடம் மாறி தடுப்புல மோதினது. முன்பக்க பிரேக் ஷாஃப்ட் உடைஞ்சதுதான் ஆரம்பம்னும், சரியா பொருத்தாத தடுப்பு உயிரைப் பறிச்சதுன்னும் விசாரணையில சொன்னாங்க. அந்த வருஷம் இறந்த பிறகு உலக சாம்பியன் பட்டம் அவருக்கே போச்சு. அப்படி வாங்கின ஒரே ஆள் அவர்தான்.

ப்ராஜெக்ட் மக்களே, உங்களுக்கு...

கோவை செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. மாருதி இன்ஜினை வெச்சு நம்ம ஊர்லயே குறைஞ்ச செலவுல ரேஸ் கார் கட்டின கரிவரதன் நினைவா வெச்ச பேர். அங்கே நடக்குற ஃபார்முலா பாரத் மாதிரி மாணவர் போட்டிக்குப் போறவங்களுக்குத் தெரியும்... பிரேக் டெஸ்ட்ல நாலு சக்கரமும் ஒண்ணா லாக் ஆகணும். ஆகலைன்னா ஓட்டப் போட்டிக்கே கார் இறங்காது. தனித்தனியா ரெண்டு ஆயில் லைன் இருக்கணும், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிக்கணும். உங்க காலிப்பர் எத்தனை கிராம்னு அந்த டெஸ்ட் கேட்கவே கேட்காது!

முதல்ல எவ்வளவு சூடு வரும்னு கணக்குப் போடுங்க, அதுக்கு டிஸ்க்கை முடிவு பண்ணுங்க. அப்புறம் எவ்வளவு விசை வேணும்னு பார்த்து பிஸ்டன். அதுக்கு விறைப்பா நிக்கிற காலிப்பர். கடைசியா, இதுல எது லேசுன்னு தராசைத் தூக்குங்க. நாங்க தலைகீழா ஆரம்பிச்சோம்.

நண்பன் இப்போ பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டிட்டான். ஆயிலையும் மாத்தியாச்சு. மறுபடி சிறுமலை போனோம். இறங்கும்போது ரெண்டாவது கியர், அங்கங்கே நிறுத்தி டிஸ்க்குக்கு ஒரு ரெஸ்ட், எங்களுக்கு ஒரு டீ. கடைசி வளைவு தாண்டி சமவெளி தெரிஞ்சதும் லீவரை ஒரு பிடி பிடிச்சுப் பார்த்தான். கல்லு மாதிரி நின்னது.

உங்க வண்டியோட பிரேக் ஆயில் டப்பா மூடியை இன்னிக்கு ஒரு தடவை திறந்து பாருங்க பாஸ். என்ன கலர்ல இருக்கு?