குடம்பியின் மயிரும் குலத்தின் பெயரும்

பூச்சிகளை அவற்றின் சிலிர்முட்கள் நிற்கும் இடம், எண், கிளை ஆகியவை கொண்டு வகுத்தல் விலங்கியலார் மரபு. நிறம் வாழும் நீருக்கேற்ப மாறும். சிலிர்முள்ளின் இடமோ எளிதில் மாறாது. மயிரெண்ணுதல் வீண்வேலையென நகைப்பார்க்கு நம் புத்தளம் மாவட்டமே விடை பகரும்.

1934இல் மழை பொய்த்தது. தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அவற்றிலே அனோபிலிசு கியூலிசிபேசீசு என்னும் நுளம்பு பெருகிற்று. 1935 வரை நீடித்த மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர்.

அனோபிலிசு இனங்கள் இந்நாட்டில் இருபதுக்கும் மேல், கொடியது இதுவே. ஆகவே, எக்குட்டையை முதலில் அழிப்பதென அறியக் குடம்பியை நோக்கல் வேண்டும். அனோபிலிசுக் குடம்பி நீர்மட்டத்தில் கிடையாகக் கிடக்கும். முதுகிலுள்ள விசிறிமயிர்கள் அதனைத் தாங்கும். இதனைக் கண்ணாலேயே காணலாம். இனத்தை அறியவோ நுணுக்குக்காட்டி வேண்டும். தலையின் முன்புறத்து உள்மயிர் இரண்டும் நெருங்கி நின்றால் ஒரு பிரிவு. அகன்று நின்றால் கியூலிசிபேசீசு அடங்கிய பிரிவு. பார்பிரோசுத்திரிசில் வெளிமயிர் தூரிகைபோற் கிளைத்திருக்கும். கியூலிசிபேசீசிலோ அது கிளையற்றது. மாம்புரி போன்ற கரைகளின் உவர்நீரிலும் வளரவல்ல சப்பிக்தசு இனமும் உண்டு.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே, இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இசுத்தீபென்சி மன்னார்க் கிணறுகளில் அகப்பட்டது. அகப்பையும் நுணுக்குக்காட்டியும் ஓய்வுபெறவில்லை.