சமவெளிப் பிள்ளைகளும் செங்குத்துப் பாறையும்

கோலசிலாங்கூரில் மலை என்று சொல்லிக்கொள்ள இருப்பது புக்கிட் மலாவாத்தி ஒன்றுதான். கலங்கரை விளக்கம் நிற்கும் அந்த மேட்டிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் அலையாத்திக் காடும் கடலும், மறுபக்கம் செம்பனை. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று உள்ளே தள்ளிப் போனாலும் தோட்டத்து நிலம் பெரிதாக உயர்வதில்லை. இங்கே வளரும் பிள்ளைக்கும் பாறையேற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்பது இயல்பு. அதற்குப் பதில் வெனிஸ் நகரத்திலிருந்து வருகிறது.

கடற்கழிக்குள் மரத்தூண்களை அடித்து அவற்றின்மேல் கட்டப்பட்ட ஊர் வெனிஸ். ஏறுவதற்குப் பாலங்களின் படிகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. இத்தாலியில் பெண்களின் பாறையேற்றத்துக்கு வழி திறந்தவர்களில் ஒருவரான லூயிசா யோவானே அந்த ஊரில் பிறந்தவர். வடக்கே டோலமைட் மலைகளுக்குப் போய்ப் பழகினார். 1982இல் சக மலையேறி ஹைன்ஸ் மரியாகரோடு சேர்ந்து, அங்குள்ள மர்மொலாடா மலையின் தெற்குச் சுவரில் பல நூறு மீட்டர் உயரத்துக்கு யாரும் ஏறியிராத ஒரு தடத்தில் ஏறி முடித்தார். 'தெம்பி மொதேர்னி' என்று பெயர் பெற்ற அந்தத் தடத்தை ஐரோப்பிய மலையேறிகள் இன்றும் மரியாதையோடுதான் பேசுகிறார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1985இல், இத்தாலியின் பர்தோனேக்கியாவில் இயற்கைப் பாறையில் ஒரு போட்டி நடந்தது. இன்றைய உலகப் போட்டிகளுக்கெல்லாம் விதை அதுதான். ஜெர்மனியின் ஸ்டெஃபான் குளோவாக்ஸும் பிரான்ஸின் கத்தரின் டெஸ்டிவெல்லும் வென்றார்கள். யோவானேயும் களத்தில் இருந்தார். பின்னர் பலமுறை இத்தாலியச் சாம்பியன் ஆனார். ஆனால் பாறையில் போட்டியா என்று அன்று பலருக்கு ஆத்திரம். பிரான்ஸின் முன்னணிப் பாறையேறிகள் 19 பேர் அதை எதிர்த்துக் கூட்டறிக்கையே விட்டார்கள்.

நம் வாசகர்களுக்கு மலையேற்றம் என்றதும் 1997 மே 23தான் நினைவுக்கு வரும். அன்று எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அங்கே முதலில் கால் பதித்த மலேசியர்கள் இருவருமே நம்மவர்கள். அவர்கள் வெல்ல வேண்டியிருந்தது குளிரையும் மெல்லிய காற்றையும் பல வார உடல் தேய்வையும். விளையாட்டுப் பாறையேற்றம் வேறு வகை. உயரம் இங்கே பெரிதில்லை. பிடி எவ்வளவு சிறியது, சுவர் எவ்வளவு முன்சாய்ந்தது என்பதுதான் கணக்கு.

ஏறுபவரின் இடுப்பில் ஹார்னஸ் எனும் பட்டைக்கச்சை இருக்கும். அதில் முடிந்த கயிற்றைக் கீழே நிற்கும் துணைவர் ஒரு கருவி வழியாகப் பிடித்திருப்பார். பாறையில் இடைவெளி விட்டுத் துளையிட்டு போல்ட் பதித்திருப்பார்கள். ஏறும்போதே ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கியை மாட்டி, அதற்குள் கயிற்றைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். கை நழுவினால் கடைசிக் கொக்கிக்குச் சற்றுக் கீழே வரை விழுந்து கயிற்றில் தொங்கலாம், இறங்கி வந்து மறுபடியும் முயலலாம். கயிற்றைப் பற்றி இழுத்து ஏறினால் மட்டும் அந்த ஏற்றம் செல்லாது. விழுவதற்கு இடம் கொடுத்ததால்தான் இந்த விளையாட்டு வளர்ந்தது. உயிருக்குப் பயந்து யாரும் தொடாத முன்சாய்ந்த சுவர்களை இப்போது பதின்ம வயதினர்கூட ஏறுகிறார்கள்.

அப்படிப்பட்ட சுவர்கள் நமக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன, பத்துமலையில். தைப்பூசத்துக்குப் போய் 272 படி ஏறி இறங்கும் நம்மில் பலர் குன்றின் மறுபக்கத்தைப் பார்த்ததே இல்லை. தாமாய் பகுதிப் பக்கம் சுற்றிக்கொண்டு போனால், தாமாய் சுவர், ஞாமூக் சுவர், நன்யாங் சுவர் என்று பாறையேறிகள் பெயரிட்டு அழைக்கும் முகப்புகள் தென்படும். வெளிநாட்டினரும் கோலாலம்பூர்க்காரர்களும் வார இறுதியில் அங்கே கயிறு கட்டுகிறார்கள். சுமார் 40 கோடி ஆண்டுப் பழைமையான சுண்ணாம்புக்கல் அது. மழைநீர் அரித்து அரித்து விரல் நுழையும் பொந்துகளையும், தொங்கும் விழுதுகளையும், கை கொள்ளும் விளிம்புகளையும் உண்டாக்கியிருக்கிறது.

அதே ஈரம் ஆபத்தும்கூட. தாய்லாந்தின் கிராபி கடற்கரைப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளே சில ஆண்டுகளில் உள்ளுக்குள் விரிசல் விட்டதால், அங்கே டைட்டானியம் போல்ட்டுகளுக்கு மாறினார்கள். வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட் உள்ளே பலமிழந்திருக்கலாம். ஆகவே பத்துமலையிலும் இடம் தெரிந்த பயிற்சியாளர் இல்லாமல் ஒரு பிள்ளையையும் அனுப்பக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை. இன்னொன்று: பத்துமலையின் இருட்டுக் குகையில் மிகத் தொன்மையான வகையைச் சேர்ந்த, மிக அரிதான பொறிக்கதவுச் சிலந்தி வாழ்கிறது. அந்தக் குன்று பக்தருக்கும் பாறையேறிக்கும் மட்டும் சொந்தமானதல்ல.

பாறை வரை போக முடியாதவர்களுக்கு வரலாறே ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறது. தொடக்கக் காலப் போட்டிகளுக்காகப் பாறையைச் செதுக்கியதும் மரங்களை வெட்டியதும் கண்டனத்துக்கு உள்ளாயின. போட்டிகள் செயற்கைச் சுவருக்கு நகர்ந்தன. அதன் பலனை 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிசில் கண்டோம். வேக ஏற்றப் பிரிவில் 15 மீட்டர் சுவரை 4.75 விநாடியில் ஏறி ஒலிம்பிக் தங்கம் வென்ற வெட்ரிக் லியோனார்டோ, இந்தோனேசியாவின் பொந்தியானாக் நகரத்துக்காரர். கப்புவாஸ் ஆற்றுமுகத்தில், கோலசிலாங்கூரைப் போலவே தட்டையான சதுப்பு நிலத்தில் அமைந்த ஊர் அது. பூப்பந்தைத் தவிர வேறெந்த விளையாட்டிலும் அதுவரை ஒலிம்பிக் தங்கம் பார்க்காத நாடு இந்தோனேசியா. மலேசியாவுக்கோ பாரிஸ் வரை ஒரு தங்கமும் இல்லை.

வேக ஏற்றத்துக்கு உலகமெங்கும் ஒரே சுவர்தான்: ஒரே சாய்வு, ஒரே பிடிகள், ஒரே இடங்கள். பொந்தியானாக்கில் பழகியது பாரிசிலும் அப்படியே செல்லும். போல்டரிங் என்ற பிரிவு இன்னும் எளிமையானது. சுவர் 4.5 மீட்டருக்கு மேல் போவதில்லை, கயிறும் கிடையாது. கீழே தடித்த மெத்தை போதும். பள்ளி மண்டபத்தில் அதைவிடச் சிறிய பயிற்சிச் சுவரையே எழுப்பலாம். பிடிகளைக் கழற்றி இடம் மாற்றிவிட்டால் அடுத்த மாதம் அதே சுவரில் புதிய தடங்கள் கிடைக்கும். உடல் எடைக்கு ஏற்ற விரல் வலிமையும், அடுத்த அடியை யோசிக்கும் நிதானமும்தான் இதற்கு வேண்டும். பந்து விளையாட்டில் அணிக்குள் வர முடியாத மெலிந்த பிள்ளை இதில் முன்னே வரலாம்.

வட சிலாங்கூரின் தோட்டங்களை விட்டு வந்து மலிவு வீடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திடலும் குறைந்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் புறப்பாட நடவடிக்கைத் திட்டத்தில் இதைச் சேர்க்கக் கேட்கலாம். தைப்பூசத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் ஆலய இளைஞர் குழுக்கள், ஒரு சாதாரண சனிக்கிழமையில் பத்துப் பிள்ளைகளைத் தகுதி பெற்ற பயிற்சியாளரிடம் அழைத்துப் போகலாம். முதல் நாளுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஹார்னஸ், தலைக்கவசம், காலணி எல்லாம் பயிற்சி தரும் இடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, மோதிரமும் வளையலும் கழற்றி வைத்துவிட்டு வந்தால் போதும்.