சைக்கிளை உரசிச் செல்லும் வாகனங்களும் சட்டமும்

புதுச்சேரி நகரத்தில் சைக்கிள் இன்னும் அன்றாட வாகனம்தான். ஆசிரமவாசிகள், விடிந்ததும் வேலைக்குக் கிளம்பும் கட்டடத் தொழிலாளர்கள், பள்ளிப் பிள்ளைகள், வாடகை சைக்கிளில் ஒயிட் டவுனைச் சுற்றும் வெளியூர்க்காரர்கள் என எல்லோரும் ஓட்டுகிறார்கள். பஸ்ஸும் காரும் பைக்கும் போகும் அதே சாலையில்தான் இவர்களும் போயாக வேண்டும். 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 4,800 பேர் சைக்கிளில் சென்றவர்கள்.

சைக்கிள் ஓட்டுவோரைக் காப்பதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், அதன்கீழ் 2017-இல் வந்த வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளும்தான் துணை. நடந்து செல்வோர், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரிடம் ஓட்டுநர் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன ஒழுங்குமுறைகள். மீறினால் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். இதைவிடக் கடுமையானது சட்டத்தின் 184-ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு சிவப்பு விளக்கைத் தாண்டுவது, செல்போனைக் கையில் பிடித்தபடி ஓட்டுவது, ஒருவழிப் பாதையில் எதிர்த்து வருவது, விதிக்கு மாறாக முந்துவது ஆகியவை ஆபத்தை உண்டாக்கும் வகையில் இருந்தால் இந்தப் பிரிவில் வரும். முதல் தடவைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சிக்கல் முந்துவதில்தான் இருக்கிறது. கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம் தாண்டி அரியாங்குப்பம் போகும் வழியில் பஸ் ஒன்று சைக்கிளை முந்துவதைப் பார்த்தால் இது விளங்கும். வலப்பக்கம் தோளை ஒட்டி பஸ்ஸின் உடல் நகர்கிறது. இடப்பக்கம் மண்ணும் பள்ளமும். முந்திய பஸ் உடனே இடப்பக்கம் ஒடித்து நிறுத்தத்தில் நிற்கிறது. சைக்கிள்காரர் காலை ஊன்றி இறங்கிவிடுகிறார். யாருக்கும் அடியில்லை, அதனால் வழக்கும் இல்லை. சைக்கிளிலிருந்து எத்தனை அடி தள்ளி முந்த வேண்டும் என்று இந்திய விதி அளவு குறிக்காததால், ‘உரசினாற்போலப் போனான்’ என்ற புகாரை வைத்துப் போலீஸ்காரர் எதையும் நிறுவ முடியாது. பிரான்சில் ஊருக்குள் 1 மீட்டர், ஊருக்கு வெளியே 1.5 மீட்டர் என்று விதியே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சிவப்புத் தொப்பியை இன்றும் அணியும் புதுச்சேரிப் போலீஸின் கையில் அப்படியொரு அளவுகோல் இல்லை.

ஆகவே கண்ணுக்குச் சட்டென்று தெரிவதே பிடிபடுகிறது: ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ். ஹெல்மெட் விஷயமே இங்கே லேசாக நடந்துவிடவில்லை. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கு எதிராக முதல்வர் நாராயணசாமி ராஜ்நிவாஸ் முன் தர்ணாவில் உட்கார்ந்ததற்கு ஹெல்மெட் கட்டாயமும் ஒரு காரணம். தன் தலையைக் காக்கும் விதிக்கே இத்தனை எதிர்ப்பு என்றால், அடுத்தவர் தலையைக் காக்கும் விதி எந்த வரிசையில் நிற்கும் என்பதை ஊகிக்கலாம். கேமரா பதிவை வைத்து அபராதம் விதிக்க 2021-இல் மத்திய விதிகள் வழி செய்தன. வேகத்துக்கும் சிக்னலுக்கும் அது உதவும். நெருக்கி முந்துவதற்கு அவ்வளவாக உதவாது.

அதே நகரத்தில் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை மோட்டார் வாகனத்துக்கு அனுமதி இல்லை. அபராதம் போட்டுப் புரியவைக்க வேண்டியதைக் குறுக்கே வைத்த இரும்புத் தடுப்பு பேச்சில்லாமல் செய்துவிடுகிறது. இரண்டு தெரு தள்ளிப் போனால், ஓரமாக நிறுத்திய காரின் கதவு பின்னால் பார்க்காமல் திறக்கப்பட்டு சைக்கிள்காரர் விழும் அபாயம் காத்திருக்கிறது. கதவைத் திறந்தவர் ஓட்டுநராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; அலட்சியச் செயலால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் எவருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆவது பிரிவு பொருந்தும்.

அடிபட்ட பிறகுதான் சட்டம் முழுவேகத்தில் வேலை செய்கிறது. ஜிப்மரிலோ அரசு பொது மருத்துவமனையிலோ சேர்க்கும்போது, விபத்து எப்படி நடந்தது, மோதியது எந்த வண்டி என்பது விபத்துப் பதிவேட்டில் சரியாக ஏற வேண்டும். ‘தானே விழுந்தார்’ என்று எழுதிவிட்டால் பின்னால் திருத்துவது பெரும்பாடு. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவும், அலட்சியத்தால் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை தரும் 106(1)-உம் சேரும். அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

இழப்பீட்டுக்கு இரண்டு வழிகள். ஓட்டுநரின் தவறை நிரூபிக்காமலே அதே சட்டத்தின் 164-ஆவது பிரிவில் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் பெறலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 166-ஆவது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே சைக்கிள்காரர் பக்கத் தவறும் கணக்கில் வந்து தொகை குறையலாம். பிரான்சின் 1985-ஆம் ஆண்டு பாதேந்தேர் சட்டம் இதில் ஒரு படி மேல்: மன்னிக்கவே முடியாத தவறு ஒன்றே விபத்துக்குக் காரணமாக இருந்தாலொழிய, சைக்கிள்காரரின் தவறைக் காட்டி உடற்காயத்துக்கான இழப்பீட்டைக் குறைக்க முடியாது. இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனால் நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 161-ஆவது பிரிவு இருக்கிறது: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கான மனுவை வருவாய்த் துறை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாதது இவற்றில் எதற்கும் தடையில்லை.