அச்சில் பிடித்த துரு, காசின் வயசைச் சொல்லும் தெரியுமா?

நம் மெட்ராஸ் கடைத்தெருவில் புழங்கிய செப்புக் காசு இங்கிலாந்தில், அதுவும் நீராவி இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்றால் நம்புவீர்களா? 1803 என்று வருடம் போட்ட 20 காசு அது. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம், 20 காசுக்கு 4 ஃபலூஸ் என்று பாரசீக எழுத்து. இந்த 20 காசு நாணயம் 168 சேர்ந்தால்தான் ஒரு நட்சத்திர வராகன்!

அடித்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி எஞ்சின் விற்றாரே, அதே மேத்யூ போல்டன்! பர்மிங்காம் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் அவருடைய நாணயச்சாலை இருந்தது. மெட்ராஸ் மாகாணத்து வடசர்க்காருக்கு 1794லேயே அங்கிருந்து காசு வந்துவிட்டது. 1808 என்று பொறித்த காசுகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் முக்குளித்தவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசை அள்ளினார்கள்!

சரி, இதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. புழக்கத்துக்கு அடிப்பதற்கு முன்னால் வடிவம் பார்க்கவும், பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கவும் போல்டன் தனியாகச் சில மாதிரிக் காசுகள் அடிப்பார். சிலதுக்குத் தங்க முலாம்கூட உண்டு. கீறல் விழாமலிருக்க மெல்லிய உலோகச் சிமிழில் வைத்துக் கொடுப்பார். அப்படியொரு காசு இன்று கையில் கிடைத்தால் அது போல்டன் காலத்ததுதானா? இங்கேதான் சிக்கல்! 1850இல் சோஹோ நாணயச்சாலை ஏலத்துக்குப் போனது. பழைய அச்சுகள் பல வில்லியம் ஜோசப் டெய்லர் என்ற லண்டன் அச்சு வெட்டுநர் கைக்குப் போக, அவர் அவற்றைக் கொண்டே மறுபடியும் காசு அடித்து சேகரிப்பாளர்களுக்கு விற்றார். அச்சு அதே அச்சு, காசில் போட்ட வருடமும் அதே வருடம், ஆனால் அடித்தது அரை நூற்றாண்டு கழித்து!

பிறகு எப்படித்தான் கண்டுபிடிப்பது? துருவை வைத்துத்தான். செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு பிரஸ் ஷாப் வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், சட்டென்று சொல்வார்கள். எண்ணெய் தடவாமல் எடுத்து வைத்த டையில், அதாவது அச்சில், துரு அரித்துக் குழி விழும். அடுத்த தடவை தகட்டை வைத்து அடித்தால் அந்தக் குழி, தகட்டில் மேடாக எழும்பி நிற்கும். காசிலும் அப்படியே! புழக்கத்தில் பட்ட அடி காசில் பள்ளமாகத் தெரியும். அச்சிலிருந்த துருவோ எழுத்துகளுக்கு நடுவில் ஊசிமுனை அளவுப் பருக்களாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்தப் பரு ஒன்று போதும், புது அச்சில் அடித்ததில்லை என்று சொல்லிவிடலாம்.

இங்கிலாந்துச் செப்புக் காசுகளை சி. வில்சன் பெக் என்பவர் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து, முதலில் சோஹோவில் அடித்தவை, அங்கேயே பிந்தி அடித்தவை, டெய்லர் அடித்தவை என்று வகை பிரித்து 1960இல் பெரிய நூலாகவே போட்டார். சில அச்சுகளில் டெய்லர் துருவைத் தேய்த்து எடுத்திருப்பார். அந்தத் தேய்ப்பில் மெல்லிய கோடுகள் சிலவும் போயிருக்கும். ஆக, பருவும் சாட்சி, காணாமல் போன கோடும் சாட்சி! என்ன நுணுக்கமான வேலை பாருங்கள். போல்டனின் கடிதங்களும் கணக்குகளும் பர்மிங்காம் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தும், ஒரு தனிக் காசின் பிறப்பைச் சொல்ல அந்தக் காசின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் சிங்கச் சின்னம் போட்ட செப்புக் காசு இருக்கிறதா? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். தயவுசெய்து புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வருவதற்குள் அந்தப் பருக்கள் தேய்ந்து போகலாம்!