பதினான்கு வயதின் அபிப்பிராயம்

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்றி வருகிறவர்கள் மலையின் பின்புறம் அடி அண்ணாமலையை அடையும்போது, கால் வலியெடுத்து, எங்கேனும் ஒரு திண்ணை கிடைத்தால் சற்று உட்காரலாமே என்று எண்ணும் நிலையில் இருப்பார்கள். அப்படி உட்காருகிறவர்களில் பலருக்கு, மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளியது இந்த ஊரில்தான் என்ற ஐதிகம் தெரிந்திருக்கும். அவருக்கென்று இங்கே தனியாக ஒரு கோயிலும் உண்டு. மார்கழி விடியலில் இளம்பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிக்கொண்டு நீராடப் போவதுதான் அந்த இருபது பாடல்களின் காட்சி. பக்தியின் பொருட்டு அதைப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். எனக்கு அதில் எப்போதும் ஆச்சரியம் தருவது, அந்தப் பெண்கள் பேசிக்கொள்ளும் விதம். தூங்குகிறவளைக் கேலி செய்கிறார்கள். உள்ளேயிருப்பவளும் சளைக்காமல் பதில் சொல்கிறாள். தமக்கு எப்படிப்பட்ட கணவன் வேண்டும் என்பதைக்கூட இறைவனிடமே நேராக விண்ணப்பம் செய்துகொள்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நின்று உபதேசம் செய்யும் பெரியவர் ஒருவர்கூட அந்தப் பாடல்களில் இல்லை.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில், அதே மார்கழி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், அடி அண்ணாமலைத் தெருவொன்றின் திண்ணையில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கும் ஆறு பிள்ளைகளுடன் உட்கார்ந்து, அவர்கள் வயதினருக்கென்று எழுதப்படும் கதைகளைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயம் என்ன என்று விசாரிக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. பையில் பதினொரு புத்தகங்கள் கொண்டு போயிருந்தேன். அவற்றைத் திண்ணையில் பரப்பியதும் ஒன்பதாவது படிக்கும் பெண்ணொருத்தி ஒரு காரியம் செய்தாள். அட்டையைப் பார்க்கவில்லை, ஆசிரியர் பெயரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, நாலு வரி படித்துவிட்டு, சிலவற்றை வலப்பக்கமும் சிலவற்றை இடப்பக்கமுமாக வைத்துக்கொண்டே போனாள். ஏன் அம்மா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்துல 'அன்று முதல்'னு இருந்தா எடுக்கமாட்டேன் சார். அன்று முதல் அவன் பொய் பேசவில்லை, அன்று முதல் அவள் நன்றாகப் படித்தாள்... இப்பிடித்தான் முடியும். முடிவு தெரிஞ்ச கதைய எதுக்கு சார் படிக்கணும்?"

எத்தனையோ விமர்சனக் கட்டுரைகளில் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட ஒரு விஷயத்தை அந்தப் பெண் இரண்டே சொல்லில் பிடித்துக் காட்டிவிட்டாள். அவளருகே இருந்த பையன், பௌர்ணமிதோறும் தாயாருடன் பூக்கடையில் உட்காருகிறவன், வேறொரு குறையைச் சொன்னான். "கதையில எங்க வயசுப் பையன் வந்தா, ஒண்ணு கெட்டுப்போவான், இல்லாங்காட்டி ஸ்கூல் பர்ஸ்ட் வருவான். நானூறு மார்க் வாங்குற பையன் வர்றதே இல்ல சார்." காதலைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்தத் திண்ணையில், தெருவே பார்த்திருக்க, யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். ஆயினும் மற்றொரு பெண், தாயார் படித்துவிட்டு அரிசி டப்பாவின்மேல் வைத்த மாத நாவல்களைத் தான் எடுத்துப் படிப்பதுண்டு என்று தணிந்த குரலில் சொன்னபோது, மற்ற ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட பார்வையில், அது அவளுடைய இரகசியம் மட்டுமல்ல என்பது தெரிந்தது.

இந்தப் பிராயத்துக்குத் தமிழில் பெயர் இல்லாமல் போகவில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்த நம் இலக்கண நூலார், பதினான்கு முதல் பத்தொன்பது வரையிலான வயதை மடந்தைப் பருவம் என்று குறித்து வைத்தார்கள். மேல்நாட்டு நூலகத்தார் இந்த வயதினரைத் தனி வாசகராகக் கருதி அவர்களுக்கென்று தனி அலமாரி வைத்தது சென்ற நூற்றாண்டில்தான்; நாமோ அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே வயதை அளந்து பெயரிட்டுவிட்டோம். ஆனால் உலா நூல்களில் மடந்தை எதற்காக வருகிறாள்? வீதியிலே பவனி வரும் அரசனைக் கண்டு மயங்குவதற்காக வருகிறாள். அவள் என்ன நினைத்தாள் என்பதை ஒரு புலவர் சொல்லிவிட்டுப் போகிறார். பெயர் கொடுத்தோமேயொழிய, அவளுக்குப் படிக்க ஒரு நூல் கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை.

அச்சு யந்திரம் வந்த பிறகு குழந்தைகளின் பங்குக்குக் குறைவில்லாமல் செய்தோம் என்று சொல்லலாம். அம்புலிமாமாவும், கண்ணனும், பின்னால் கோகுலமும் பூந்தளிரும் வந்தன, அழ. வள்ளியப்பாவின் பாட்டுகளை நாவில் வைத்துக்கொண்டும், வாண்டுமாமாவின் மந்திரவாதிகளைக் கனவில் கண்டுகொண்டும் ஒரு தலைமுறை வளர்ந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வந்து பையன்களின் பள்ளிக்கூடப் பைகளுக்குள் ஒளிந்துகொண்டான். இவையெல்லாம் பன்னிரண்டு வயது வரைக்கும் போதும். பதின்மூன்று பிறந்ததும், முகத்தில் ஒரு பருவும் மனத்தில் ஆயிரம் கேள்விகளும் முளைத்த அந்தப் பிள்ளை அலமாரியின் முன்னே வந்து நின்றால், குழந்தைகளின் தட்டுக்கும் பெரியவர்களின் தட்டுக்கும் இடையே ஒன்றுமில்லாததைக் கண்டு, ஒரே தாவலில் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் அப்படித் தாவிய பிள்ளைகளின் கையில் முதலில் அகப்பட்டது, 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்த பொன்னியின் செல்வன். குதிரையேறி வரும் வந்தியத்தேவன் நம்முடைய பதின்வயதுப் பிள்ளைகளின் தோழனாக ஆனது அவர்களுக்கென்று எழுதப்பட்டதால் அல்ல; அவசரமும், தவறும், துணிச்சலும் கொண்ட ஓர் இளைஞனை ஆசிரியர் திருத்த முற்படாமல் அப்படியே உலவ விட்டார் என்பதால்தான் என்று நான் கருதுகிறேன்.

இந்தத் தாகம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்னும் நகரில், தன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி வந்த கதைகளில் நிஜமான பிள்ளை ஒருவனையும் காணாமல், பதினைந்து வயதில் தானே ஒரு நாவலை எழுதத் தொடங்கினாள் எஸ்.இ. ஹிண்டன் என்ற பெண். ‘தி அவுட்சைடர்ஸ்’ என்ற பெயரில் அது 1967-இல் வெளிவந்தபோது அவளுக்கு வயது பதினெட்டு. பையன்களின் சண்டையையும் சிநேகத்தையும் ஒரு பெண் எழுதினாள் என்றால் விமர்சகர்கள் மதிக்கமாட்டார்கள் என்ற பயத்தால், பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் அட்டையில் போட்டார்கள். இன்று இளையோர் இலக்கியம் என்று உலகம் சொல்வதன் தொடக்கங்களில் ஒன்றாக அந்த நூலைக் குறிப்பிடுகிறார்கள். அதாவது, அந்த இலக்கியத்தின் வாசலிலேயே நிற்பது ஒரு வாசகியின் அதிருப்தி.

தமிழில் இந்த வயதைப் பற்றி எழுதப்படவே இல்லை என்று சொல்வது அபாண்டம். நம்முடைய உன்னதமான கதைகள் சிலவற்றில் நாயகனுக்கோ நாயகிக்கோ இதே பிராயம்தான். அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்ற சிறுகதையில், பூப்பெய்திய பெண் ஊருக்குப் போயிருக்கும் தாயின் வருகைக்காக ஏங்கிக் காத்திருந்து, வந்தவளின் ஒரே ஒரு வார்த்தையால் உள்ளே எதையோ இழந்து போகிறாள். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில், பண்ணையத்துக்கு விடப்பட்ட சக்கிலியச் சிறுவன் ஆடு மேய்த்துக்கொண்டே வளர்கிறான், கொங்கு நாட்டு மேட்டாங்காட்டில் அவனும் அவன் கூட்டாளிகளும் அடையும் சந்தோஷத்தையும் அவமானத்தையும் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவைகளின் பின்னால் அலையும் ஒரு பையனின் உலகம். இரா. நடராசனின் ‘ஆயிஷா’வோ, கேள்வி கேட்டதற்காகவே அடிபட்ட பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி, பிரம்படி உறைக்காமலிருக்க ஒரு ரசாயனத்தைத் தன் உடம்பிலேயே சோதித்து உயிர்விடும் கதை, ஆசிரியப் பெருமக்களிடையே அது கைமாறிக் கைமாறிப் பரவியது. இவற்றை எழுதியவர்கள் பிள்ளைகளுக்கு என்று எண்ணி எழுதியிருக்கலாம், எண்ணாமலும் எழுதியிருக்கலாம். பெரியவர்கள் படித்துக் கண்ணீர் விட்டு, பெரியவர்களின் அலமாரியிலேயே மறுபடி வைத்துப் பூட்டிவிட்டோம் என்பதுதான் என் மனத்தாங்கல்.

சமீப காலத்தில் நிலைமை தேறி வருகிறது. அதை மறைப்பது நியாயமாகாது. சாகித்திய அகாதெமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்காரம் வழங்கி வருகிறது. 2020-இல் அதைப் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, வீடுகளில் வாய்விட்டுப் பேசத் தயங்கும் தொடுதலின் விஷயத்தை ஒரு மரப்பாச்சி பொம்மையின் வாயால் சிறுமியிடம் பேச வைத்தது. மறு ஆண்டே வந்தவாசியைச் சேர்ந்த, அதாவது இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரரான, மு. முருகேஷுக்கு அது கிடைத்தது. 2023-இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’க்கும், 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்கும் கிடைத்தது. பள்ளிக்கல்வித் துறையும் தேன்சிட்டு என்ற இதழை நடத்துகிறது. வாசிப்பு இயக்கம் என்ற பெயரில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிகள் வகுத்துச் சிறு நூல்களை வகுப்பறைக்குக் கொண்டுபோயிருக்கிறது. திருவண்ணாமலையிலேயே, பவா செல்லதுரை பிற எழுத்தாளர்களின் கதைகளைக் கூட்டத்தின் முன் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லி, புத்தகத்தைத் தொடாதவர்களையும் தொட வைத்திருக்கிறார். எல்லாம் மெச்சத்தக்கவையே. ஆனால் பரிசுக்கு நூலைத் தேர்ந்தெடுப்பவர் பெரியவர், நூலகத்துக்கு வாங்குபவர் பெரியவர், மதிப்புரை எழுதுபவரும் பெரியவர். யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தப் பிள்ளை, கல்யாணப் பேச்சின்போது உள்ளறையில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பெண்ணைப் போல, முடிவைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.

பிரான்சில் இதற்கு ஒரு மாற்று உண்டு. அந்நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசுக்குப் பரிசீலிக்கப்படும் நாவல்களையே, மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் 2,000 பேர் இரண்டு மாதங்களில் வாசித்து, வாதாடி, தங்களுடைய பரிசைத் தாங்களே தீர்மானிக்கிறார்கள். ரென் நகரத்தில் 1988-இல் தொடங்கிய வழக்கம் அது. பெரியவர்கள் தேர்ந்த நாவல் ஒன்றாகவும் பிள்ளைகள் தேர்ந்தது வேறொன்றாகவும் பல ஆண்டுகளில் அமைந்திருக்கின்றன. பிள்ளைகளின் தீர்ப்பை நம்பிப் புத்தகம் வாங்கும் பெரியவர்களும் அங்கே அநேகர். அங்கே பரிசு கொடுக்கிறார்கள். இங்கே நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில், ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது ஒன்று. பொது நூலகச் சட்டத்தை 1948-லேயே இயற்றிய மாநிலம் நம்முடையது. அந்த விதியையும் இந்தச் சட்டத்தையும் பெற்ற நாட்டில், ஓர் ஊர்ப்புற நூலகம் வாங்கும் புத்தகங்களில் பத்தில் இரண்டையாவது, அங்கே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டு வாங்கினால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் தப்பான புத்தகத்தைக் கேட்பார்கள் என்பார்கள் சிலர். கேட்கட்டுமே! தப்பான புத்தகத்தைப் பாதியில் மூடி வைப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது. அந்தப் பயிற்சியில்லாமல் வளர்ந்தவர்கள்தாம் பிற்காலத்தில் கையில் எது கொடுத்தாலும் படிக்கிறவர்களாகவோ, எதையுமே படிக்காதவர்களாகவோ ஆகிறார்கள்.

அன்று மாலை வெயில் தாழத் தொடங்கியபோது, கடைசிப் பக்கம் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு ‘ஆயிஷா’வைக் கொடுத்துவிட்டு வந்தேன். அது சிறிய நூல். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் நான் போனபோது, வாசலில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. கோலத்தின் நடுவில் சாண உருண்டைமேல் பூசணிப்பூ இருந்தது. அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நன்றாயிருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை.

"அந்த டீச்சருக்கு எல்லாம் தெரியுது. அப்பவே வாயத் தொறந்து கேட்டிருக்கலாம் இல்ல சார்?"

கேட்டிருக்கலாம் அம்மா, என்றேன். அவள் போகாமல் நின்றாள். பாவாடையின் கரையில் ஒட்டியிருந்த கோலமாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

"ஆயிஷா மாதிரியே கேள்வி கேக்குற பொண்ணு, ஆனா சாகாம, கடைசி வரைக்கும் கேட்டுக்கினே இருக்குற கதை இருக்கா சார்?"

நான் திண்ணையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, மீதியிருந்த பத்துப் புத்தகங்களையும் மறுபடி பரப்பினேன். அவள் எதிரே அமர்ந்து, முதல் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.