36 மணி நேரப் பரீட்சை

பேரிடர் பாதுகாப்புக்கு வெளிநாட்டு ஆலோசகர் என்றால், ஸ்லைடு போட்டுக் காட்டி, தடிமனான அறிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். அப்படிப்பட்டவர்களும் உண்டு. ஆனால் இதே துறையில் வேறு மாதிரியான ஆலோசனை முறை ஒன்றும் இருக்கிறது. அதை நடத்துவது ஐநா குடையின்கீழ் இயங்கும் 'இன்சராக்' அமைப்பு. செயலகம் ஜெனீவாவில். கட்டட இடிபாடுகளில் சிக்கியவர்களை மீட்கும் குழுக்களுக்கு வழிகாட்டுவதுதான் வேலை.

1988 டிசம்பரில் அன்றைய சோவியத் ஆர்மீனியாவில் பெரும் நிலநடுக்கம். சுமார் 25,000 பேர் இறந்தார்கள். பல நாடுகளிலிருந்து மீட்புக் குழுக்கள் ஓடி வந்தன. உதவிக்குக் குறைவில்லை, அதை ஒழுங்குபடுத்தத்தான் வழியில்லை. அந்த அனுபவம்தான் 1991-ல் இன்சராக் உருவாகக் காரணம்.

ஒரு நாட்டுக் குழு வெளிநாடு போய் வேலை செய்யத் தகுதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு வழிகாட்டி அமைவார். பெரும்பாலும் வேறு நாட்டு மீட்புக் குழுவில் அனுபவப்பட்டவர். ஆயத்தம் இரண்டு வருடம்கூட ஆகும். கடைசியில் பரீட்சை. நம்மூரில் லைசென்ஸுக்கு எட்டுப் போட்டுக் காட்டுவது போலத்தான். ஆனால் இது குறைந்தது 36 மணி நேரம் விடாமல் நடக்கும். அழைப்பு வருவதிலிருந்து ஆரம்பம். விமான நிலையக் காகிதங்கள், முகாம் அமைத்தல், மோப்ப நாய்த் தேடல், கான்கிரீட் அறுத்தல், மருத்துவம், திரும்பக் கிளம்புதல் வரை எல்லாமே மதிப்பீடு. பல நாட்டு மதிப்பீட்டாளர்கள் கையில் பட்டியலோடு இரவெல்லாம் கூடவே நிற்பார்கள். 'ஹெவி' தகுதி வேண்டுமானால், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில், 24 மணி நேரமும், 10 நாள் தாக்குப்பிடிக்கும் திறன் வேண்டும். தேறினாலும் அது நிரந்தரம் இல்லை. ஐந்து வருடத்தில் மறுபடி பரீட்சை.

இத்தனை கெடுபிடி எதற்கு? இடிபாட்டு மேட்டில் ஒலிக்கும் ஹாரனைக் கவனித்தால் தெரியும். மூன்று விநாடி நீளும் ஒரே ஒலி: வேலையை நிறுத்து, பேசாதே. அடியில் யாராவது தட்டுகிறார்களா, முனகுகிறார்களா என்று கேட்க வேண்டும். ஒரு நீள ஒலி, ஒரு குற்றொலி: வேலையைத் தொடங்கு. மூன்று குற்றொலிகள்: உடனே வெளியேறு. துருக்கிக்காரரும் ஜப்பானியரும் ஒரே சுவரின் இரு பக்கமும் நிற்கும்போது மொழிபெயர்க்க ஆள் தேட முடியாது. சுவரில் வரையும் கட்டமும் அப்படித்தான்: எந்தக் குழு, எந்தத் தேதி, என்ன ஆபத்து என்று அதில் இருக்கும். அடுத்து வரும் குழு அதே கட்டடத்தை முதலிலிருந்து தேடி நேரத்தை வீணாக்காது.

இந்தப் பரீட்சையில் தேறிச் சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை 2008-ல் 'ஹெவி' தகுதி பெற்றது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு அதன் வீரர்கள் போனார்கள். இந்தியாவின் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் போனது.

ஆனால் ஒன்று. எங்கே நிலநடுக்கம் வந்தாலும், முதல் சில மணி நேரத்தில் ஆட்களை இழுத்து வெளியே போடுவது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். வெளிநாட்டுக் குழு எவ்வளவு விரைந்தாலும் அதற்குப் பிறகுதான் வந்து சேரும். அதனால்தான் இன்சராக் இப்போது உள்நாட்டுக் குழுக்களையும் தரப்படுத்தும்படி நாடுகளைத் தூண்டுகிறது. வெளிநாடு போவதற்காகக் கற்ற ஒழுங்கு உள்ளூர் விபத்துக்கும் உதவும்.

ஆகவே, பாதுகாப்பு ஆலோசனை தருகிறோம் என்று யார் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்கலாம். எங்கள் ஆட்கள் வேலை செய்வதை ராத்திரி முழுக்க நின்று பார்ப்பீர்களா? ஐந்து வருடம் கழித்துத் திரும்ப வந்து சோதிப்பீர்களா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.