ஆறு சூடேறினால் தூண்டிலைச் சுருட்டுவோம்

யூலை, ஓகஸ்ட் வந்தால் போதும், எங்கட ஆக்களின் வாகனங்களில் கூலர், மடக்குக் கதிரையோடு தூண்டிலும் ஏறிவிடும். ஒன்ராறியோவில் மீன்பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. எனக்கும் அதில் ஆசை அதிகம். ஆனால் டிரவுட் பிடிக்கப் போகிறவர்கள் அனுமதி அட்டையோடு ஒரு வெப்பமானியையும் கொண்டுபோக வேண்டும் என்பது என் கருத்து.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக இரை எடுக்கும். 20 பாகையைத் தாண்டினால் திணறத் தொடங்கும். 25 பாகையை நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. காரணம், தண்ணீரில் கரைந்துள்ள ஒட்சிசன். 10 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 20 பாகையில் 9 மில்லிகிராம்தான். அதேநேரம் சூடு ஏற ஏற மீனின் உடலுக்கு ஒட்சிசன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைய, செலவு கூடுகிறது.

“பிடிச்சிட்டுத் திரும்ப விடுறம்தானே, அதில என்ன பாவம்?” என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்காலத் தண்ணீரில் அது சரி. கோடையில் தூண்டிலோடு போராடிக் களைத்த மீன், கையை விட்டுப் போகும்போது நீந்தத்தான் செய்யும். சில மணி நேரம் கழித்து அது செத்துப்போனால் நாங்கள் காணப்போவதில்லை.

“வெயில் தணிய, பின்னேரம் போவம்” என்பதும் பிழையான கணக்கு. காற்று குளிர்ந்தாலும், பகல் முழுக்க வாங்கிய சூட்டை ஆறு உடனே விடாது. ஆறு மிகவும் குளிர்ந்திருப்பது விடியற்காலையில்தான்.

எல்லா ஆறும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபேர்கஸ் நகருக்கு அருகே, 1942இல் கட்டி முடிக்கப்பட்ட ஷாண்ட் அணை நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அதனால்தான் அதற்குக் கீழே கிராண்ட் ஆற்றில் பிரவுண் டிரவுட் வாழ முடிகிறது. தமிழர் பலர் குடியிருக்கும் ஏஜாக்ஸ் ஊடாக ஓடும் டஃபின்ஸ் ஓடைக்கு, ஓக் ரிட்ஜஸ் மேட்டில் ஊறும் நிலத்தடி நீர்தான் உயிர். கடும் வெயிலில் மீன்கள் இப்படியான ஊற்று வாய்களில் ஒதுங்கி நிற்கும். அங்கே தூண்டில் போட்டால் இலகுவாக அகப்படும். ஆனால் அது நிழலுக்கு ஒதுங்கியவனை அடிப்பது போன்றது.

தென் ஒன்ராறியோவின் பல இடங்களில் டிரவுட் பருவம் செப்டம்பர் 30 வரை திறந்திருக்கும். ஆனால் இன்றைக்கு ஆறு எவ்வளவு சுடுகிறது என்று சட்டப் புத்தகத்துக்குத் தெரியாது. அதை நாங்கள்தான் அளக்க வேண்டும். 18 பாகை என்றால் கவனம். 20 என்றால் நிறுத்தம். அன்றைக்கு வெதுநீரைத் தாங்கும் பாஸ் மீனைத் தேடி ஏரிப் பக்கம் போகலாம்.

வெப்பமானியைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். போவதா, திரும்புவதா என்று அவர்களே சொல்லட்டும். நாளைக்கு இந்த ஆறுகளில் தூண்டில் போடப்போகிறவர்கள் அவர்கள்தான்.